யாருக்கு இயந்திரம்? சியாட்டில் குழுவின் கதை

சிறுநீரகம் இரண்டும் நிரந்தரமாகச் செயலிழந்த ஒருவர் 1960-க்கு முன்பு பிழைக்க அநேகமாக வழியே இருக்கவில்லை. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் மட்டும் இருந்தது. நாஜிப் படைகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தில், 1943-இல், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் அதை உருவாக்கியிருந்தார். இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகும் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றிச் செய்த கருவி அது. அதனால் பிழைத்த முதல் நோயாளி, 1945-இல் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண். நாஜிகளுக்குத் துணைபோனவர் என்று சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். அவரது அரசியல் சிகிச்சைக்குத் தடையாகவில்லை.

அந்த இயந்திரம் சில நாள்களோ சில வாரங்களோ தாக்குப்பிடிக்கத்தான் உதவியது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தமனியையும் சிரையையும் அறுத்துக் குழாய் செருக வேண்டும். அறுக்க இடமில்லாமல் போனதும் சிகிச்சை நின்றுவிடும். இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெல்டிங் ஸ்கிரிப்னர். தமனியில் ஒன்றும் சிரையில் ஒன்றுமாக டெஃப்ளான் குழாய்களை நிரந்தரமாகப் பொருத்திவிட்டு, சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒரு வளைந்த குழாயால் இணைத்துவிடுவது அவரது யோசனை. இரத்தம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதால் உறையாது. பொறியாளர் வேய்ன் குவின்டன் அதைச் செய்துகொடுத்தார். 1960 மார்ச் 9 அன்று போயிங் விமான ஆலைத் தொழிலாளியான கிளைட் ஷீல்ட்ஸின் கையில் அது பொருத்தப்பட்டது. அவர் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

சாவு நிச்சயம் என்றிருந்த நோய்க்கு வைத்தியம் கிடைத்தது. ஆனால் அந்த வைத்தியம் ஆயுள் முழுவதும் வாரந்தோறும் தொடர வேண்டியது; ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவாகும். பல்கலைக்கழக மருத்துவமனை புதிய நோயாளிகளை ஏற்க மறுத்தது. மருத்துவர் ஜேம்ஸ் ஹேவிலண்டின் முயற்சியாலும் ஒரு அறக்கட்டளையின் நிதியாலும் 1962 ஜனவரியில் சியாட்டில் செயற்கைச் சிறுநீரக மையம் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே இயங்கிய முதல் டயாலிசிஸ் (இரத்தச் சுத்திகரிப்பு) மையம் அது. கேட்டு வந்தவர்கள் பலர். அங்கிருந்த படுக்கைகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

யாரைச் சேர்ப்பது? முதல் சல்லடை மருத்துவர்களுடையது. 45 வயதைத் தாண்டியவர்கள், குழந்தைகள், வேறு கடும் நோய் உள்ளவர்கள் அதிலேயே கழிக்கப்பட்டார்கள். சல்லடையைக் கடந்த பிறகும் இடத்தைவிட ஆள் அதிகம். அவர்களில் ஒருவரை எடுத்து மற்றவரை விட மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. அந்த முடிவைத் தாங்களே எடுப்பது முறையல்ல என்று மருத்துவர்கள் கருதினார்கள். தன்னை நம்பி வந்த நோயாளிக்காக வாதாட வேண்டியவரே, இன்னொருவருக்காக அவரைக் கைவிடும் நீதிபதியாகவும் இருக்க முடியாது என்பது நியாயமான எண்ணம்தான். ஆகவே கிங் மாவட்ட மருத்துவச் சங்கம் ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது: ஒரு வழக்கறிஞர், ஒரு போதகர், ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி, ஒரு மாநில அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை மருத்துவர். அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. நோயாளிகளை அவர்கள் நேரில் பார்ப்பதும் இல்லை.

கையில் எந்த அளவுகோலும் இல்லாமல் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் வாஷிங்டன் மாநிலத்தில் வசிப்பவருக்கு மட்டும் என்று முடிவாயிற்று. இதற்கு மாநில வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்ற காரணமாவது இருந்தது. அதற்குப் பிறகு வந்தவைதான் சிக்கலானவை: வயது, ஆணா பெண்ணா, திருமணமானவரா, எத்தனை பேர் அவரை நம்பி இருக்கிறார்கள், வருமானம், படிப்பு, தொழில், மன உறுதி, இதுவரை சாதித்தது, இனி சாதிக்கக்கூடியது. ஆறு பிள்ளைகளின் தகப்பனுக்கும் மூன்று பிள்ளைகளின் தகப்பனுக்கும் இடையே தேர்வு என்று வந்தபோது, விதவையாகப்போகும் மனைவிக்கு மறுமணம் நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதுகூடப் பேச்சில் அடிபட்டது. சொத்துச் சேர்த்தவரின் குடும்பம் அரசுக்குச் சுமையாகாது, அதனால் அவரை விட்டுவிடலாம் என்ற வாதம் வந்தது. அப்படியானால் சிக்கனமாக வாழ்ந்ததற்கு அவருக்குத் தண்டனையா என்ற கேள்வியும் எழுந்தது. கல்நெஞ்சக்காரர்கள் பேசிய பேச்சல்ல இது. ஒருவரின் உயிரை இன்னொருவரின் உயிரோடு ஒப்பிட்டு எடைபோடச் சொன்னால், நல்ல மனிதர்களும் இங்குதான் வந்து நிற்பார்கள்.

1962 நவம்பர் 9 தேதியிட்ட ‘லைஃப்’ இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை இதையெல்லாம் நாட்டுக்குச் சொன்னது. குழுவுக்குக் ‘கடவுள் குழு’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கடுமையான விமர்சனம் 1968-இல் வந்தது. மனநல மருத்துவர் டேவிட் சாண்டர்ஸும் சட்டப் பேராசிரியர் ஜெஸ்ஸி டூகேமினியரும் ஒரு சட்ட இதழில் எழுதிய கட்டுரையில், நடுத்தர வர்க்கத்தின் விருப்பு வெறுப்புகளே இங்கே அறமாக வேடமிட்டிருக்கின்றன என்றார்கள். தேவாலயப் பணியும் சாரணர் இயக்கச் சேவையும் மதிப்பெண் பெறும் இடத்தில், ஊரோடு ஒத்துப்போகாமல் தனித்து வாழ்ந்த தோரோ போன்ற சிந்தனையாளருக்கு இயந்திரம் கிடைத்திருக்குமா? அந்த வாதத்துக்குச் சரியான பதில் இன்றுவரை இல்லை.

மாற்று வழி என்ன என்பதில் அறிஞர்கள் பிரிந்தார்கள். 1969-இல் தத்துவவாதி நிக்கோலஸ் ரெஷர், பிழைக்கும் வாய்ப்பு, குடும்பப் பொறுப்பு, சமூகப் பங்களிப்பு எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு, ஏறக்குறைய சமமாக நிற்பவர்களிடையே மட்டும் குலுக்கல் நடத்தலாம் என்றார். இறையியலாளர் பால் ராம்சேயும் ஜேம்ஸ் சில்ட்ரெஸ்ஸும் 1970-இல் இதை மறுத்தார்கள். மருத்துவத் தகுதியைக் கடந்த எல்லோரும் சமம். எனவே சீட்டுக் குலுக்குவதோ, வந்த வரிசையில் எடுப்பதோதான் மனித மதிப்பைக் காக்கும் என்பது அவர்கள் கட்சி. இந்த விவாதத்தில் ஒரு பழைய வழக்கும் நினைவுகூரப்பட்டது. 1841-இல் ‘வில்லியம் பிரவுன்’ கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது, நிரம்பி வழிந்த உயிர்ப்படகிலிருந்து பயணிகள் சிலரை மாலுமிகள் கடலில் வீசினார்கள். ஹோம்ஸ் என்ற மாலுமி தண்டிக்கப்பட்டார். சீட்டுப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

குலுக்கல் கண்மூடித்தனமாகத் தோன்றலாம். ஆனால் நீ வாழத் தகுதியற்றவன் என்று அது யாரிடமும் சொல்வதில்லை. சியாட்டில் குழுவின் முறையைவிட அது மேல்.

இதற்கிடையே விவாதத்தையே சுற்றிக்கொண்டு போகும் பாதை ஒன்றும் திறந்தது. வயது குறைவு என்பதால் ஏற்கப்படாத ஒரு பள்ளி மாணவிக்காக, அணுப் பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப் தன் குழுவோடு 1964-இல் வீட்டிலேயே இயக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். அந்தப் பெண் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். வீட்டு டயாலிசிஸ் செலவைக் குறைத்தது. குறைந்த செலவில் கூடுதல் பேர் பிழைத்தார்கள். பற்றாக்குறை என்பது இயற்கையின் விதி அல்ல, அது பணத்தின் பற்றாக்குறை என்பது அப்போது வெளிப்படையாயிற்று. சிறுநீரக மாற்றுக்கு உறுப்பு வேண்டும். அதை ஆலையில் செய்ய முடியாது. இயந்திரத்தைச் செய்யலாம். ‘இருவரில் யார்’ என்று ஏழு பேரிடம் கேட்ட நாடு, ‘இரண்டு இயந்திரம் வாங்கினால் என்ன’ என்று தன்னைக் கேட்டுக்கொள்ளப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

1971 நவம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னிலையில் ஷெப் கிளேஸர் என்ற நோயாளி இயந்திரத்தோடு இணைக்கப்பட்டபடியே சாட்சியம் அளித்தார். 1972 அக்டோபர் 30 அன்று அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்திருத்தம், சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லோரின் சிகிச்சையையும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1973 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஆள் பொறுக்கும் குழுவுக்கு வேலை இருக்கவில்லை. குழு விட்டுவிட்டவர்களுக்கோ அந்தச் சட்டம் காலம் கடந்துதான் வந்தது.