யாருடைய மெட்டு?

எங்கள் தாத்தா நெய்வேலித் தெர்மலில் வேலை பார்த்தவர். "ரஷ்யாக்காரன் மிஷினுடா அது, சும்மாவா?" என்பார். சோவியத் உதவியோடு கட்டிய அந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் ஓடத் தொடங்கி 2020இல் மூடப்பட்டது. சுரங்கத்தில் மேல்மண் வாரிய ராட்சதச் சக்கர இயந்திரங்களோ மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. பனிப்போரின் இரு தரப்பும் ஒரே குழியில் வேலை செய்த ஊர். அதனால்தான் 1958இல் மாஸ்கோவில் நிகழ்ந்த ஒரு பியானோ வாசிப்பின் கதையை என்னால் அப்படியே ஏற்க முடிவதில்லை.

கதை தெரிந்ததுதான். ஸ்புட்னிக் ஏவி ஆறு மாதம். முதல் சாய்கோவ்ஸ்கி போட்டி. 23 வயது அமெரிக்கர் வான் கிளைபர்ன், கிரில் கொந்த்ராஷின் நடத்திய இசைக்குழுவோடு சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவையும் ராக்மனினாஃபின் மூன்றாவதையும் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று நிமிடக்கணக்காகக் கைதட்டியது. குருஷேவின் சம்மதம் பெற்றே பரிசை அறிவித்தார்கள் என்பார்கள். நியூயார்க் அவரை ஊர்வலமாக அழைத்துப் போனது. ஒரு தனிமனிதன் எதிரியின் கோட்டையை வென்றான் என்பதாக இது கட்டமைக்கப்பட்டது. ரொமாண்டிக் காலக் கான்செர்ட்டோவின் வடிவமே இதற்குத் தோதானது: பெருங்குழுவுக்கு எதிரே ஒற்றைப் பியானோ, கடைசியில் வெற்றி.

ஆனால் எது யாருடையது? இந்தப் படைப்பு முதலில் அரங்கேறியது ரஷ்யாவில் அல்ல, 1875இல் அமெரிக்காவின் பாஸ்டனில். கிளைபர்னின் ஆசிரியர் ரோசினா லெவின், கீவில் பிறந்து மாஸ்கோ இசைப்பள்ளியில் பயின்றவர். மாஸ்கோ அன்று கேட்டது தன் சொந்த வாசிப்பு மரபைத்தான்.

இன்னும் கீழே தோண்டுவோம். முதல் பகுதியில், அந்தப் பிரசித்தமான தொடக்கம் அடங்கியபின் பியானோ துள்ளலாக ஒரு மெட்டை எடுக்கும். உக்ரைனின் கமென்காவில், சந்தையில் பிச்சையெடுத்துப் பாடிய பார்வையற்றவர்களிடம் கேட்டதென்று சாய்கோவ்ஸ்கியே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஸ்டாலின் காலத்தில் இத்தகைய நாடோடிப் பாடகர்கள் ஒடுக்கப்பட்டனர். பாடியவனை விரட்டிய அரசு, அவன் மெட்டை அரங்கத்தில் வைத்துக் கொண்டாடியது. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் இதே போட்டியைச் சர்வதேச இசைப்போட்டிக் கூட்டமைப்பு வெளியேற்றியபோதும், விவாதம் சாய்கோவ்ஸ்கி யாருக்குச் சொந்தம் என்பதோடு நின்றுபோனது. சந்தையில் பாடியவர்கள் அப்போதும் வரவில்லை.

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. நாங்கள் கேட்டு வளர்ந்த ஊர்க்கதையில் நேரு வருவார், ரஷ்யர் வருவார், ஜெர்மானியர் வருவார். சுரங்கத்துக்காக எழுந்துபோன கிராமங்கள் ஒற்றை வரியில் முடிந்துவிடும். தாத்தாவும் மிஷினைப் பற்றித்தான் பேசினார். மிஷினுக்குக் கீழே எந்த ஊர் இருந்ததென்று நானும் கேட்டதில்லை.

நிகழ்த்துகலையின் வரலாற்றை எப்போதும் மேடையிலிருந்தே எழுதுகிறோம். கைதட்டலைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, சந்தையிலிருந்து எழுதிப் பார்த்தால் என்ன?