தொண்டும் அங்கீகாரமும்: நாட்டு நலப்பணித் திட்டத்தின் வரலாறு எழுப்பும் ஒரு வினா

ஆண்டுதோறும் செப்டம்பர் 24ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்ட நாளாக நம் நாட்டுக் கல்லூரிகளில் கொண்டாடப்படுகிறது. தொண்டில் சிறந்து விளங்கிய மாணவரைப் பாராட்டும் கூட்டங்கள் அந்நாளில் நடைபெறுவதுண்டு. இத்திட்டத்தின் குறிக்கோளுரையோ ‘எனக்காக அன்று, உனக்காக’ என்னும் பொருளுடையது. தன்னை மறந்து பிறர்க்கென உழைக்க முன்வந்தவனை மேடையேற்றி மாலை சூட்டுதல் தகுமா? இவ்வினா புதியதன்று. தொண்டுக்குக் கைம்மாறு உண்டா என்பதைத் திட்டம் உருவாவதற்கு முன்னரே நாட்டின் தலைவர்கள் ஆராய நேர்ந்தது.

மாணவர் விரும்பி ஏற்கும் தொண்டாகவே தேசியப்பணி அமைதல் வேண்டும் என்பது டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் கருத்து. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனைக் குழுவும், மாணவர் தாமாகவே சிறிது காலம் உடலுழைப்பில் ஈடுபடுவது நலமென்றது. ஆயினும் 1958இல் முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதிய பிரதமர் நேரு, சமூகத்தொண்டு புரிந்தவர்க்கே பட்டம் என விதிக்கலாமா என்னும் எண்ணத்தை வெளியிட்டார். 1959இல் அமைக்கப்பட்ட தேஷ்முக் குழு இன்னும் ஒருபடி மேலே சென்று, உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரி புக விரும்பும் அனைவருக்கும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயப் பணி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பொருட்செலவையும் நடைமுறை இடர்களையும் எண்ணி அது கைவிடப்பட்டது. பிற நாடுகளின் அனுபவங்களை நேரில் ஆராய்ந்த கே. ஜி. சையதைன், 1960இல் அளித்த அறிக்கையில் கட்டாயமற்ற தொண்டு முறையையே ஏற்றதெனக் கண்டார்.

இதற்கிடையில் 1962ஆம் ஆண்டின் சீனப் போரையடுத்துத் தேசிய மாணவர் படை 1963இல் கட்டாயமாக்கப்பட்டது. எனினும் சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1968இல், அது மீண்டும் விருப்பத்துக்குரியதாயிற்று. கல்வியின் எல்லா நிலைகளிலும் மாணவர் சமூகத்தொண்டில் பங்குகொள்ள வேண்டும் என்பது 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி குழுவின் பரிந்துரை. இவ்வாறு பலகாலம் ஆராயப்பட்டபின், காந்தியடிகளின் நூற்றாண்டு விழாக் காலமாகிய 1969 செப்டம்பர் 24ஆம் நாளன்று, மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

கட்டாயம் நீங்கிற்று, ஆனால் அங்கீகாரம் நீங்கவில்லை. இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணிபுரிந்து, சிறப்பு முகாமொன்றிலும் பங்குபெறுவோர் சான்றிதழுக்கு உரியவராகின்றனர். வெள்ளிவிழாவையொட்டி 1993-94இல் தேசிய அளவிலான விருதுகளும் ஏற்படுத்தப்பட்டன. அவை தொண்டரோடு பல்கலைக்கழகங்களுக்கும், பணி அமைப்புகளுக்கும், திட்ட அலுவலருக்கும் உரியவை என்பது நோக்கத்தக்கது. எந்த இளைஞனும் தனித்து நின்று தொண்டனாவதில்லை. அவனை உருவாக்கியோரும் உடனுழைத்தோரும் உளர் என்னும் உண்மை இவ்வமைப்பில் பொதிந்துள்ளது. எனினும் சான்றிதழுக்காகவே மணிகளை எண்ணும் மனப்பான்மை தோன்றும் அபாயமும் இங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்விடத்தில் திருமறையின் இரு பகுதிகளை ஒருங்கே நோக்குதல் பயனளிக்கும். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் கருத்துடைய மத்தேயு 6ஆம் அதிகாரப் போதனை, தொண்டு செய்பவனை நோக்கிக் கூறப்பட்டது. அப்போஸ்தலனாகிய பவுலோ 1 கொரிந்தியர் 16:15-18இல், பரிசுத்தவான்களின் ஊழியத்துக்கென்று தங்களைத் தாங்களே நியமித்துக்கொண்ட ஸ்தேவானின் வீட்டாரை அங்கீகரிக்கும்படி சபைக்குக் கட்டளையிடுகிறார். முன்னது தொண்டனின் மனநிலையைப் பற்றியது. பின்னது சபையின் கடமையைப் பற்றியது. புகழைத் தேடலாகாது என்று இளைஞனுக்குக் கற்பிக்கும் நாம், அதையே சாக்காகக் கொண்டு நம் நன்றிக்கடனைச் செலுத்தாதிருத்தல் முறையன்று.

மேலும், பவுல் வேண்டும் அங்கீகாரம் யாது? அது மாலையன்று, பொன்னாடையுமன்று. அத்தகையோருக்குப் பணிந்து நடக்கவேண்டும் என்கிறார். அஃதாவது, உழைப்பவரின் சொல்லுக்குச் சபை செவிசாய்க்கவேண்டும். வெள்ளக் காலத்தில் அரிசி மூட்டை சுமந்த இளைஞரையும், இரத்ததானத்துக்கு ஓடிவந்த இளம்பெண்களையும் ஒரு ஞாயிறன்று கைதட்டிப் பாராட்டிவிட்டு, மறுவாரம் சபைக்குழுவில் அவர்கள் பேசினால் ‘சிறுபிள்ளைகள்’ என ஒதுக்குவது எளிது. அது பாராட்டேயன்றி அங்கீகாரமாகாது.

தொண்டைக் கட்டாயமாக்க முயன்ற நாடு, பல்லாண்டு ஆராய்ச்சிக்குப்பின் இளைஞரின் மனமுவந்த ஈகையை நம்பத் துணிந்தது. அந்த நம்பிக்கையே அவர்களுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் எனலாம். சபைகளை மேய்க்கும் நாமும் சான்றிதழோடு நின்றுவிடாமல், பொறுப்பையும் அவர்கள் கையில் ஒப்புவிப்போமா?