வீட்டைப் பூட்டாத காலம் எது?



"அந்தக் காலத்துல யாருங்க சார் வீட்டப் பூட்டுனா?" என்று என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார். அப்பா அம்மாவைத் தோட்டத்து வீட்டில் விட்டுவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறவர். 2024இல் பல்லடம் பக்கமும் 2025இல் சிவகிரிப் பக்கமும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன், விடிந்ததும் ஒரு போன் என்று ஆகிவிட்டதாம். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் தூக்கம் வருமா? எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டவில்லை என்பது ஓரளவு உண்மை. எங்கள் பாட்டி வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். ஆனால் பாட்டி தன் நகையைக் கம்புக் குதிருக்கு அடியில் சட்டியில் வைத்துப் புதைத்திருந்தார். பயமில்லாத காலம் என்றால் புதைப்பானேன்? பூட்டு இல்லையே தவிர, காவல் இருந்தது. அந்தக் காவலுக்கு ஊர் கூலி கொடுத்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் பழைய ஊர் என்றால் நடுவில் நத்தம், சுற்றிலும் காடு தோட்டம். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். மணியக்காரர், கர்ணம், தலையாரி, வெட்டியான் என்று ஊருக்கு வேலைக்காரர்கள் உண்டு. இதில் ராத்திரி தூங்காதவர் தலையாரி. தடியும் கையுமாகச் சுற்றிவருவார். அயலூர்க்காரர் யார் சாவடியில் தங்கியிருக்கிறார் என்று பார்த்து வைப்பார். வரிப்பணம் தாலுகா கஜானாவுக்குப் போகும்போது துணைக்குப் போவார். மாடு களவு போனால் குளம்படியைப் பிடித்துக்கொண்டே நடப்பார். அடி எந்த ஊர் எல்லையில் போய் மறைகிறதோ, அந்த ஊர்த் தலையாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். கூலி பணமாக இல்லை. அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் சோளமோ கம்போ ராகியோ வள்ளத்தில் அளந்து போடுவார்கள். சில ஊர்களில் மானிய நிலமும் உண்டு. விளைந்தால் கூலி, விளையாவிட்டால் அவர் வீட்டிலும் பட்டினி.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கோணல் முகமும் உண்டு. களவு போன மாட்டைத் திரும்பப் பெற, இன்ன இடத்தில் இன்ன ஆளிடம் பணம் கொடு என்று சேதி வரும். பணம் கொடுத்தால் மறுநாள் மாடு புளியமரத்தடியில் கட்டியிருக்கும். இதற்குத் துப்புக்கூலி என்று பெயர். தென் மாவட்டங்களில் இது பெரிய தொழிலாகவே நடந்தது. போலீசுக்குப் போனால் மாடும் போகும், பத்து நாள் பிழைப்பும் போகும் என்று குடியானவர் கணக்குப் போட்டார். கணக்குத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி சர்க்கார் கதைக்கு வருகிறேன். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகாலும் சேலமும் கும்பினி கைக்கு வந்தன. கேப்டன் ரீடு தலைமையில் வந்த உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் இருந்துகொண்டு ஏழு வருஷம் நிலம் அளந்தார், வரி போட்டார். ரயத்வாரி என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது இங்கே முளைத்ததுதான். ஊர் அதிகாரிகளை வைத்தே ஊரை நடத்த முடியும் என்ற எண்ணம் அவருக்கு ஊறிப்போனது. இடையில் வங்காள முறையைப் பார்த்து தரோகா என்ற தனிப் போலீசைக் கும்பினி போட்டுப் பார்த்தது; சரிப்பட்டு வரவில்லை. 1814இல் நீதி முறையைத் திருத்தும் குழுவுக்குத் தலைவராக மன்றோ திரும்பி வந்தார். அதன் பலன் 1816ஆம் வருஷத்து 11ஆம் ரெகுலேஷன். மணியக்காரரும் கர்ணமும் தலையாரியும் சட்டப்படி போலீஸ் ஆனார்கள். மேலே தாசில்தார், அவருக்கும் மேலே கலெக்டர்.

இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவைப் பாடப்புத்தகம் சொல்லாது. சில்லறைக் குற்றத்துக்கு மணியக்காரர் ஒருவரை ஊர்ச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதி' என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். குற்றம் ஒன்றுதான், சாதி வேறு, அதனால் தண்டனை வேறு. வெள்ளைக்காரன் எழுதிய சட்டமேதான், மனுநீதி என்று நினைத்துவிடாதீர்கள்! இதில் வேடிக்கை என்னவென்றால், தலையாரி வேலை பல ஊர்களில் அந்தச் சேரி ஆட்களுடையது. ஊர்த்தெருவை ராத்திரி முழுக்கச் சுற்றிக் காத்தவருடைய சொந்தத் தெருவைக் காக்க யாரும் இல்லை. களவு நடந்தால் முதல் சந்தேகமும் அந்தத் தெரு மேல்தான். "ஊர் பாதுகாப்பாக இருந்தது" என்று யாராவது சொன்னால், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

வரி வாங்குகிற கையும் போலீஸ் கையும் ஒன்றானால் என்ன ஆகும்? வரி கட்டாதவனுக்குக் கிட்டி. இரண்டு குச்சிக்கு நடுவே விரலை வைத்து நெரிப்பது. குனிய வைத்து முதுகில் கல்லேற்றுவது இன்னொன்று. (திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் இந்தக் கலையில் தேர்ந்தவர்களே; எங்கள் குலப்பெருமை!) சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கை 1855இல் வெளிவந்து லண்டன் பார்லிமெண்ட் வரை நாறியது. அதன் பிறகுதான் 1859இல் தனிப் போலீஸ் சட்டம், சட்டை போட்ட கான்ஸ்டபிள். அப்படியும் ஸ்டேஷன் எங்கேயோ இருந்தது. ஊரில் இருந்தது பழைய தலையாரிதான். மோகனூர் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தவரின் மகன்தான் பிற்பாடு நாமக்கல் கவிஞர் ஆனார். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை எழுதிய நாவலின் பெயர் 'மலைக்கள்ளன்' என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871 கணக்கில் சேலம் மாவட்டத்தில் 19.67 லட்சம் பேர். 1881இல் 16 லட்சம். அந்தப் பத்து வருஷத்தில் களத்து நெல்லைக் காத்தவனும் திருடியவனும் ஒரே பசியில் இருந்திருப்பார்கள்.

குறவர் சமூகத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. கழுதை மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்ற வியாபாரிகள் அவர்கள். 1860களின் தொடக்கத்தில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. உப்பு மூட்டை ரயிலேறியது. இவர்கள் பிழைப்பு போனது. வேலை போனவனைச் சர்க்கார் திருடன் என்று பதிவு செய்தது. 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை, ராத்திரி ஆஜர், வெளியூர் போக அனுமதிச் சீட்டு. பிறந்த குழந்தையும் அந்தப் பட்டியல் சமூகத்தில்தான் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ரத்தானது. ஊர் நிம்மதியாகத் தூங்குவதற்காக ஒரு சமூகம் முழுவதையும் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள்.

உயிரும் மாடும் இருக்கட்டும், நிலத்துக்குக் காவல் யார்? கர்ணம். சிட்டாவும் அடங்கலும் அவர் வீட்டுப் பெட்டியில். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவருக்குத் தன் காடு தன் பெயரில் இருக்கிறதா என்பது கர்ணம் சொன்னால்தான் தெரியும். பெரும்பாலும் அப்பாவுக்குப் பின் மகன் என்று வந்த இந்தப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982இல் செல்லும் என்றது. வி.ஏ.ஓ. வந்தார். நல்ல காரியம் என்பதே என் எண்ணம். அதே காலத்தில், 1979–87இல் நடந்த யூ.டி.ஆர். பதிவுகளில் பெயர் மாறி, பரப்பு மாறி, இன்னும் கோர்ட்டுக்கு நடப்பவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். இருட்டில் வருகிற திருடனிடம் போனது மாடு. பேனாவில் போனது காடு.

தோட்டத்து வீட்டுக்கு வருவோம். 1934இல் மேட்டூர் அணை, 1937இல் அங்கே மின்சாரம். பிறகு மெல்ல மெல்லக் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. கவலை ஓட்டியது போய், ராத்திரியில் கரண்ட் வரும்போது தண்ணீர் கட்ட ஆள் அங்கேயே இருக்க வேண்டியதானது. எங்கள் பக்கம் பல குடும்பங்கள் நத்தத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்கே குடிபோயின. ஒட்டிநின்ற சுவர்கள் பிரிந்தன. கூப்பிடு தூரம் என்பது போன் தூரமானது. அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆண்கள் மாதக்கணக்கில் வடநாடு போனார்கள், லாரியில் போனார்கள், படித்த பிள்ளைகள் பெங்களூரு போனார்கள். தோட்டத்தில் மிஞ்சியது இரண்டு முதியவர்களும் ஒரு நாயும். பழைய தலையாரியின் சுற்றுக்குள் இந்த வீடுகள் ஒருநாளும் இருந்ததில்லை. சிவகிரிக்குப் பிறகு போலீஸ் ரோந்து கூடியிருக்கிறது, கேமரா மாட்டியிருக்கிறார்கள். கேமரா பார்க்கும், கதவைத் தட்டி "ஆத்தா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்காது.

தலையாரி இன்று கிராம உதவியாளர். வி.ஏ.ஓ. ஆபீசில் கட்டு எடுத்து வைக்கிறார். எங்கள் ஊரில் 'தலையாரிக் காடு' என்று ஒரு மேட்டாங்காடு உண்டு. இப்போது அதில் கோழிப்பண்ணை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பண்ணைக்காரருக்கே தெரியாது.

உங்கள் ஊரில் தலையாரிக்குக் களத்தில் எத்தனை வள்ளம் அளந்தார்கள், அதற்கு என்ன பெயர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்.