மூன்று தடவை லீவும் பன்னிரண்டு தடவை வலியும்

ராகியும் கொள்ளும் விளைந்த தேன்கனிக்கோட்டை வட்டத்துச் சாலைகளில் இன்று விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. திம்ஜேப்பள்ளிப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை செல்போன் பாகங்கள் செய்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் அவர்களில் உண்டு.

பக்கத்து ஓசூரின் ஆலைகள் எப்போதும் இப்படிப் பெண்களால் நிறைந்து இருந்ததில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன் பின் வந்த அசோக் லேலண்டு, டி.வி.எஸ். போன்றவை லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள். அந்த லைன்களில் நின்றவர்கள் ஆண்கள். 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகார ஆலை சுற்றுக் கிராமத்துப் பெண்களையும் வேலைக்கு எடுத்தது. இரவு 7 மணிக்கு மேல் பெண்கள் ஆலையில் இருக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மூன்று ஷிப்டும் பெண்களுக்குத் திறந்தது. 2021-ல் போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலை தொடங்கிய ஓலா, பத்தாயிரம் பெண்களை வைத்தே அதை நடத்தப்போவதாக அறிவித்தது.

பெண்கள் ஆலைக்குள் வந்துவிட்டார்கள். ஆனால் 2025 வரை அவர்களுடைய விடுப்புக் கணக்கு 1948-ல் எழுதப்பட்டதாகவே இருந்தது.

அந்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, வருடத்தில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் மறு வருடம் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. அதை வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாமல் இருந்தது. பதினைந்து நாள் முன்பே எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. நோய் என்றால் மட்டும் அந்தக் கெடு தளர்ந்தது. அதே 1948-ல் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்காலத்துக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. போன தடவை பணம் வாங்கிய நோய் முடிந்து 15 நாளுக்குள் திரும்பப் படுத்தால்தான் அந்த இரண்டு நாளும் கணக்கில் சேரும்.

மாதம் ஒருமுறை, இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் சுருண்டு கிடக்கும் பெண்ணை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வரும் வலி அந்த 15 நாள் இடைவெளிக்குள் ஒருபோதும் வராது. அவளுடைய நோய் முழுவதும் அந்தப் பணமில்லாத இரண்டு நாளுக்குள்ளேயே முடிந்துபோகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை வரும் வலியை மூன்று தடவை லீவில் அடக்கவும் முடியவில்லை. டைபாய்டு வந்தவரையும் கை முறிந்தவரையும் மனதில் வைத்து எழுதிய சட்டம் இவளைக் கைவிட்டுவிட்டது.

அவளை இப்படிச் சுருட்டிப் போடக்கூடிய எண்டோமெட்ரியோசிஸ் புதிய நோயல்ல. வியன்னாவின் ரோகிடான்ஸ்கி 1860-லேயே இதன் தடயங்களை எழுதி வைத்தார். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921-ல் சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கிய கட்டிகளை விவரித்தார். நம்மூர் ஸ்கேன் சென்டர்களில் இன்றும் அவற்றைச் ‘சாக்லேட் சிஸ்ட்’ என்றே சொல்கிறார்கள். நோய்க்கு இந்தப் பெயரும் அவராலேயே நிலைத்தது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே சூலகத்திலும் குடல் பக்கமும் ஒட்டி வளர்ந்து, அழற்சியையும் வடுவையும் உண்டாக்குகிறது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகிறது. “கல்யாணமானா சரியாயிடும்”, “ஒரு புள்ளை பெத்தா போயிடும்” என்று சொல்லியே அந்த வருடங்கள் கழிகின்றன. கல்யாணம் இதைக் குணப்படுத்தாது. குழந்தைப்பேறும் குணப்படுத்தாது.

ஆலைகள் தேடிய வழி மாத்திரை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் நூறு பெண்களிடம் பேசி, 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு புலனாய்வு வெளியிட்டது. மாதவிடாய் வலியோடு வந்தவர்களுக்குப் பெயரில்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டிருந்தன. என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று யாரும் சொல்லவில்லை. லைன் நிற்காமல் ஓடியது. இந்தக் கதையில் மிகவும் வேதனையான இடம் இதுதான். மாதாமாதம் மாத்திரை கேட்டு வருகிறாள் என்பதே அவளை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பப் போதுமான காரணம்.

லீவு கேட்ட வரலாறும் பழையது. ஜப்பான் 1947-லேயே தொழிலாளர் சட்டத்தில் மாதவிடாய் விடுப்பை எழுதியது. பீகார் 1992-ல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் தந்தது. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, தனியார் ஆலைகளையும் சேர்த்து மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. இப்படி விடுப்புத் தந்தால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் ஆயிரக்கணக்கில் பெண்களைத் தேடிப்போய் எடுக்கும் ஆலைகள் உள்ள பகுதியில் அந்த வாதம் வலுவிழக்கிறது.

ஒரு நாள் லீவு நோயைக் கண்டுபிடிக்காது, அதற்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே கேள்வி தொடங்க வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு இரண்டு வருடம் வரை 80 சதவீதச் சம்பளம் தரும் நீண்டகால நோய்ப் பட்டியல் ஒன்று இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. அதில் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை. இதற்கிடையில் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பொம்மசந்திரா ஆலைக்குப் போகும் ஓசூர்ப் பெண்ணுக்குக் கர்நாடகத்தின் விடுப்பு பொருந்தும். இந்தப் பக்கம் சிப்காட்டில் அதே வேலை செய்யும் அவள் தங்கைக்குப் பொருந்தாது.