கேம் 'சேவ்' அழிகிறதா, கன்ட்ரோலர் சொன்னபடி கேட்கவில்லையா? ரெட்ரோ எமுலேட்டரைப் பராமரிப்பது எப்படி?

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு!"

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியை டிவியில் மாட்டி, பழைய வீடியோ கேம் விளையாடுபவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. வாரக்கணக்கில் ஆடி முன்னேறிய கேம், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு முதல் லெவலில் வந்து நிற்கும். இதற்குப் பெரும்பாலும் எமுலேட்டர் காரணமல்ல. அதை நாம் அணைக்கும் விதம்தான் காரணம்.

எமுலேட்டர் என்றால் என்ன?

பழைய கேம் கன்சோலின் சிப்கள் செய்த வேலையைச் செய்துகாட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். ஜப்பானில் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமை எடுத்துக்கொள்ளுங்கள். 90களில் நம் வீடுகளுக்கு 'டிவி கேம்' என்று வந்த பெட்டிகள் பலவும் அதன் நகல்களே. ரெட்ரோஆர்ச் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனி 'கோர்' இருக்கும்.

அந்தக் காலத்தில், சேவ் வசதி இருந்த பல கேசட்டுகளுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. அது தீர்ந்தால் சேவும் போச்சு. எமுலேட்டரில் சேவ் என்பது ஒரு ஃபைல். காப்பி எடுத்துவைத்தால் பிழைக்கும்.

சேவ் ஏன் காணாமல் போகிறது?

சேவ் இரண்டு வகை. கேமுக்குள்ளேயே செய்வது ஒன்று. ரெட்ரோஆர்ச்சில் பெரும்பாலும் இது கேமை முறையாக மூடும்போதுதான் கார்டில் எழுதப்படும். அதற்குள் பிளக்கைப் பிடுங்கினால் அன்றைய ஆட்டம் வீண். செட்டிங்ஸில் 'ஆட்டோசேவ் இன்டர்வல்' என்பதை 10 விநாடிக்கு வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

இன்னொன்று 'சேவ் ஸ்டேட்'. அந்த நொடியின் நினைவகத்தை அப்படியே பதிவது. கோர் அப்டேட் ஆனால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். அதனால் அப்டேட்டுக்கு முன் கேமுக்குள்ளேயும் ஒருமுறை சேவ் செய்துவிடுங்கள்.

மின்சாரத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால், போர்டுக்கு மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். ராஸ்பெர்ரி பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தேவை. வீட்டில் கிடக்கும் பழைய மொபைல் சார்ஜர் தாங்காது. மெனுவில் 'ஷட் டவுன்' கொடுத்த பிறகே சுவிட்சை அணையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டே கெட்டுப்போகலாம்.

கன்ட்ரோலர் ஏன் மக்கர் செய்கிறது?

தொடாமலே பாத்திரம் நகர்ந்தால் அது 'டிரிஃப்ட்'. அனலாக் ஸ்டிக்குக்கு அடியில் உரசும் பகுதி தேய்வதால் வருவது. 'டெட்சோன்' அளவைக் கொஞ்சம் கூட்டினால் சமாளிக்கலாம். காந்தத்தால் இயங்கும் 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக்கில் இந்தத் தேய்மானம் இல்லை.

பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தும் வேலை செய்யவில்லையா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ரப்பர் பேடையும் அது தொடும் இடத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும்.

வயர்லெஸ் விட்டுவிட்டு வந்தால், ரிசீவரை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து தள்ளி மாட்டிப் பாருங்கள். அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். இரண்டு பேர் ஆடும்போது 'பிளேயர் 1' மாறிப்போனால், அவர் கன்ட்ரோலரை முதலில் இணைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. எல்லாம் நன்றாக ஓடும்போதே சேவ், ஸ்டேட், செட்டிங்ஸ் ஃபோல்டர்களை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். கார்டு போனால் புதுசு வாங்கிக்கலாம். அதில் இருந்த ஆட்டத்தை வாங்க முடியாது.