தூசி தட்டும் முன்: மாதிரி விமானங்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஆறு அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் கிடைப்பது 1/72 என்ற அளவு. மாதிரி விமானம் கட்டுவோருக்கு இதைவிடப் பழக்கமான எண் வேறில்லை. 1930களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்த மரப் பொதிகள் இந்த அளவைப் பரவலாக்கின. 1936இல் ‘புரொக்’ என்னும் வணிகப் பெயரில் பிளாஸ்ரிக்கினாலான ‘பெங்குயின்’ வரிசை வெளிவந்தது. பெங்குயின் பறக்காத பறவை. இவையும் பறப்பதற்காக அன்றிப் பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை என்பதால் அப்பெயர் பொருந்திற்று.

இன்று பொழுதுபோக்கு எனக் கருதப்படும் இக்கலையின் வளர்ச்சியில் போருக்குப் பெரும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா இறங்கி மூன்று நாட்களின் பின், 1939 செப்டெம்பர் 6ஆம் திகதி, பிரித்தானிய ஸ்பிற்பயர் விமானங்கள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டினைப் பகை விமானங்கள் என்றெண்ணிச் சுட்டு வீழ்த்தின. ஹல்ற்றன் ஹரொப் என்ற இளம் விமானி அதில் உயிரிழந்தார். ‘பார்க்கிங் கிறீக் சமர்’ என்று கசப்போடு பெயரிடப்பட்ட இச்சம்பவத்திற்கு வேறு குழப்பங்களும் காரணமாயிருந்தன. எனினும், வானில் தெரியும் உருவம் நண்பனா பகைவனா என்று ஒரு சில வினாடிகளில் இனங்காணத் தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதை அது உணர்த்தியது.

இதன் விளைவாகவே விமானங்களை இனங்காணும் பயிற்சி ஒரு தனிக் கல்வியாக வளர்ந்தது. 1942இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவர்களிடம் 5 இலட்சம் மாதிரி விமானங்களைக் கேட்டது. 50 வகை விமானங்கள், வகைக்குப் 10,000 என்பது கணக்கு. தொழிற்கல்வி வகுப்புகளில் மாணவர் மரத்தைச் செதுக்கி, அரத்தாளால் தேய்த்து, கறுப்பு வர்ணம் பூசி அனுப்பினர். கறுப்புக்குக் காரணமுண்டு. வானத்தின் ஒளியை எதிர்நோக்கிப் பார்க்கும் கண்ணுக்கு நிறமோ இலச்சினையோ தெரிவதில்லை. புறவடிவம் மாத்திரமே தெரியும். 1/72 அளவிலான மாதிரியை 35 அடி தூரத்தில் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மையான விமானத்தின் பருமனில் தோன்றும். வகுப்பறையின் கூரையே வானமாகிற்று.

மாணவர்களின் மர மாதிரிகளைத் தொடர்ந்து, சிக்காகோ நகரின் ‘குரூவர்’ நிறுவனம் போன்றவை அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் மாதிரிகளைத் தயாரித்தன. இவை பெரும்பாலும் செலுலோஸ் அசிற்றேற் என்னும் பொருளால் ஆனவை. போரின் பின் சேகரிப்பாளர்களின் அலுமாரிகளுக்குள் புகுந்த இவற்றின் இறக்கைகள் காலப்போக்கில் வளைந்தன, உடல்கள் சுருங்கின. சிலவற்றிலிருந்து வினாகிரி வாடை எழுந்தது. அப்பொருள் சிதையும்போது அசற்றிக் அமிலம் வெளியாகின்றது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றது. பழைய திரைப்படச் சுருள்களை அழிக்கும் ‘வினாகிரி நோய்’ இதுவே. திரைப்படச் சுருள்களில் இந்நோய் கண்டிருப்பதாகத் தயாரிப்பாளருக்கு முதலில் முறையிட்டது இந்திய அரசாங்கம் என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது. வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் பிராந்தியத்தில்தான் அது முதலில் வெளிப்பட்டது.

ஆகவே, தூசி படாமல் காப்பதற்கென இத்தகைய மாதிரியொன்றைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் அடைப்பவர், நன்மை செய்வதாக எண்ணி அதன் அழிவை விரைவுபடுத்துகிறார். அமிலத்தின் வாடை வெளியேற வழி வேண்டும். ஏனைய மாதிரிகளிலிருந்து அதனைப் பிரித்து வைக்கவும் வேண்டும். நூதனசாலைகள் இன்று கடைப்பிடிக்கும் நெறியும் இதுதான்.

இன்று பலரது வீடுகளில் இருப்பவை வேறு வகையைச் சேர்ந்தவை. பிரித்தானியாவின் ‘எயார்பிக்ஸ்’ நிறுவனம் 1953இல் தனது முதலாவது விமானப் பொதியாக 1/72 அளவிலான ஸ்பிற்பயரை வெளியிட்டது. வூல்வேர்த் கடைகளில் சிறு காசுக்கு விற்பனையான இப்பொதிகள் ஒரு தலைமுறையையே பசைக் குப்பியோடு மேசையில் அமர்த்தின. இவற்றின் மூலப்பொருள் பொலிஸ்ரைரின். அது அசிற்றேற்றைப் போல வளைந்து சுருங்குவதில்லை. ஆயின் அதற்கும் தனக்கேயுரிய பலவீனங்கள் உண்டு. சூரிய ஒளியில் மஞ்சளாகும். நிலைமின்னேற்றத்தினால் தூசியைத் தன்பால் இழுக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த மின்னேற்றம் அதிகரித்து, துடைத்த இடத்திலேயே முன்னிலும் அதிகமாகத் தூசி வந்து படியும். மென்மையான வைனில் ரயர்களைக் கொண்ட பொதிகளில் இன்னுமொரு ஆபத்து: ரயரிலிருந்து கசியும் இளக்கி, அதனைத் தாங்கும் சில்லை மெல்ல மெல்ல உருக்கிவிடும்.

இனிச் சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் கமரா வில்லையைத் துப்புரவு செய்யப் பயன்படுத்தும் றப்பர்க் குமிழை நீண்டகாலம் அருகிருந்து கண்டிருக்கிறேன். மாதிரி விமானத்துக்கும் அதனைவிடச் சிறந்த முதற்கருவி இல்லை. வாயால் ஊதக்கூடாது, எச்சில் துளி தூசியைச் சேறாக்கும். குமிழால் தளர்ந்த தூசியை அகற்றியபின், முகப் பூச்சுக்குப் பயன்படும் மென்மயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழாகவும், இறக்கையின் அடியிலிருந்து நுனியை நோக்கியும் வருட வேண்டும். அன்ரனாக் கம்பி, துப்பாக்கிக் குழல், சில்லுக் கால் ஆகியவை எங்கெங்கே உள்ளன என்பதை முதலில் பார்த்துக்கொள்வது நன்று. மாதிரிகள் உடைவது பெரும்பாலும் இருக்குமிடத்தில் அல்ல, துடைப்பவரின் கையில்.

சமையற் புகையும் எண்ணெயும் கலந்து ஒட்டிக்கொண்ட அழுக்கிற்கு, காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சவர்க்காரம் கலந்து, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, குச்சியை உருட்டியெடுத்தல் போதுமானது. தேய்க்கலாகாது. ஸ்பிரிற், தின்னர், பெற்றோல் ஆகியவை வர்ணத்தைக் கரைக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவம் அக்ரிலிக் பூச்சை உரித்துவிடும். அலுமாரியை யன்னலுக்கு எதிரில் வைக்காதிருத்தலும், சூடேறும் மின்குமிழை உள்ளே பொருத்தாதிருத்தலும் அடிப்படை விதிகள். கடற்கரையோரப் பட்டினங்களில் வசிப்போர் உப்புக் காற்றையும், மழைக்காலத்தில் பூஞ்சணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் தொழில்நுட்பம். இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு: எதுவரை சுத்தம் செய்யலாம்? வாஷிங்ரனில் உள்ள லின்ட்பேர்க்கின் ‘ஸ்பிரிற் ஒவ் சென் லூயிஸ்’ விமானத்தின் அலுமினிய மூக்கு இன்று பொன்னிறமாகத் தோன்றுகிறது. 1927இல் அவர் அற்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தபோது அந்நிறம் அதற்கு இருக்கவில்லை. பாதுகாக்கும் நோக்கில் பின்னர் நூதனசாலை ஊழியர் பூசிய வார்னிஷ் முதுமையடைந்து தந்த நிறம் அது. மாதிரியின் மீது மேலும் ஒரு மினுக்கப் பூச்சைப் பூச விரும்புவோர் இதனை நினைவில் வைத்தல் நலம். மாணவனொருவன் செதுக்கிய 1942ஆம் ஆண்டு மாதிரியைப் புதிய கறுப்பு வர்ணத்தால் மெருகேற்றினால், எஞ்சுவது பளபளப்பான ஒரு மரத்துண்டு மாத்திரமே. அவனது தூரிகைத் தடமும், பயிற்சிக்கூடத்தில் பல கைகள் பட்டுத் தேய்ந்த இடங்களும் அதோடு மறைந்துவிடும். தூசியை அகற்றலாம், பயன்பாட்டின் அடையாளத்தை அகற்றலாகாது என்பதே என் துணிபு.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, ஹரிக்கேன்கள் இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து எதிர்த்தன. அவ்வேளை அப்பக்கமாக வந்த 6 சுவோட்பிஷ் இரட்டைத்தட்டு விமானங்களும் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஒரே அளவிலான சுவோட்பிஷ், சீரோ ஆகிய இரு மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். துணி போர்த்த இரட்டை இறக்கைகளுடன் மணிக்குச் சுமார் 225 கிலோமீற்றர் வேகத்தில் செல்வது ஒன்று. அதனிலும் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் வருவது மற்றையது.

நான்கு தசாப்தங்களின் பின், விமானத்தை இனங்காணும் கல்வியை வடக்குக் கிழக்குச் சிறுவர்கள் மாதிரியோ ஆசிரியரோ இன்றிக் கற்றனர். 1980களின் நடுப்பகுதியிலிருந்து ‘சியாமாசெட்டி’யையும், 1990களில் ‘புக்காரா’வையும் ‘கிபிரை’யும் ஒலியைக் கொண்டே பெயர் சொல்லக் கற்றார்கள். பதுங்குகுழிக்குள் இறங்க எவ்வளவு நேரமிருக்கிறது என்பது அந்த அறிவைப் பொறுத்ததாக இருந்தது. அமெரிக்க மாணவரின் 5 இலட்சம் மாதிரிகளைப் பற்றி எழுத நூல்கள் உண்டு. இச்சிறுவர்களின் கல்விக்கு ஒரு மாதிரியும் ஒரு குறிப்பேடும் எங்கும் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதை நான் கண்டதில்லை.

ஆகவே, கண்ணாடி அலுமாரியில் மாதிரி விமானத்தை வைத்திருக்கும் அன்பர்களிடம் வேண்டுவது ஒன்றே. தூசியைத் தட்டும் நாளில் ஒரு சிறு அட்டையையும் எழுதி அருகே வையுங்கள். விமானத்தின் பெயர், கட்டியவர் பெயர், கட்டிய ஆண்டு, அவ்விமானம் எங்கே யார் தலைக்கு மேலாகப் பறந்தது என்ற விபரம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். பிளாஸ்ரிக் ஒரு நாள் மஞ்சளாகும், பசை விட்டுப்போகும். அட்டையில் எழுதியதைப் பிரதியெடுத்து வைக்கலாம்.