ரெனே டிரெஸ்டா

இணையவழிப் பொய்ப் பரப்புரைகளை ஆராயும் அமெரிக்கர். பங்குச்சந்தை வணிகராக இருந்தவர். குழந்தைக்குப் பள்ளி தேடியபோது கலிபோர்னியாவின் தடுப்பூசிக் கணக்குகளைப் புரட்டி, இணையத்தில் தடுப்பூசி எதிர்ப்புப் பரப்புரையைக் கண்டதுதான் இத்துறைக்கு வாசல்; திட்டமிட்டு வந்தவரல்லர்.

போலிக் கணக்குகள் வழியே பரப்புரை செய்த ரஷ்யாவின் ‘இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி’ பற்றி, அமெரிக்க செனட்டின் உளவுத்துறை விவகாரக் குழுவுக்காக இவர் தலைமையில் உருவான அறிக்கை 2018 டிசம்பரில் வெளியானது. அந்நிறுவனத்தின் சுமார் 1.04 கோடி ட்வீட்டுகளும் 1,16,000 இன்ஸ்டாகிராம் பதிவுகளும் அலசப்பட்டன. ஊரெல்லாம் ஃபேஸ்புக்கையே சாடிக்கொண்டிருக்க, இன்ஸ்டாகிராமில்தான் பயனர் ஈடுபாடு அதிகம் என்றது அறிக்கை: இன்ஸ்டாகிராமில் 18.7 கோடி, ஃபேஸ்புக்கில் 7.65 கோடி. கறுப்பின அமெரிக்கர்களே முதன்மை இலக்கு என்பதையும் அது காட்டியது.

2019 முதல் ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகத்தில் பணியாற்றினார். 2020 அமெரிக்கத் தேர்தல் வதந்திகளைக் கண்காணித்ததற்காகத் ‘தணிக்கைக்காரர்’ என்ற பழி அவரைச் சூழ்ந்தது. வதந்தியை ஆராய்ந்தவரே வதந்திக்குப் பொருளானார். 2024இல் ஆய்வகத்தில் அவரது பணி ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அதே ஆண்டு ‘இன்விசிபிள் ரூலர்ஸ்’ நூல் வெளிவந்தது. பின்னர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.